நிரப்பாமல் விட்ட ஆறு கட்டங்கள்

“ஜுரத்துக்கு என்ன நிறம், மிஸ்?” என்று ஒரு நாள் என்னைக் கேட்டீர்கள். உங்கள் கையில் தூரிகை இருந்தது. எதிரே கேன்வாஸ் தலைகீழாக நின்றிருந்தது.

“ஜுரத்துக்கு நிறம் ஏது? டிகிரிதான்” என்றேன். முப்பத்தோரு வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்த வாய் அல்லவா. நீங்கள் சிரித்துவிட்டு, வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சளைக் குழைத்தீர்கள்.

இன்று காலை, வீடு துடைக்க வரும் சரசா அந்தக் கேன்வாஸைச் சுவரோரமாக நகர்த்தினாள். டர்பன்டைன் வாசனை லேசாக எழுந்தது. இத்தனை மாதம் ஆகியும் அது போகவில்லை. “ஏன் ஆன்ட்டி, படத்தைத் தலைகீழா வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். அப்படியே இருக்கட்டும் என்றேன். அவள் போன பிறகு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஒரே பள்ளியில் நீங்கள் டிராயிங் மிஸ், நான் சயின்ஸ் மிஸ். காக்ஸ் டவுனில் ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீடு. ஓய்வு பெற்றதும் நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் பிரேசர் டவுன் ஃபிரேம் கடைக்காகப் புகழ்பெற்ற ஓவியங்களைக் கையால் பிரதி எடுக்கத் தொடங்கினீர்கள். பாலத்தின் மேல் காதைப் பொத்திக்கொண்டு அலறும் ஆளின் படத்தைத்தான் ஐ.டி. பிள்ளைகள் அதிகம் கேட்பார்கள். உங்கள் மனம் அதே ஓவியரின் இன்னொரு படத்தில் இருந்தது. நோயாளிச் சிறுமி ஒருத்தி வெள்ளைத் தலையணையில் சாய்ந்திருப்பாள். சிவந்த தலைமுடி. பக்கத்தில் கறுப்பு உடையில் ஒரு பெண் அவளைப் பார்க்காமல் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பாள். காசநோயில் போன தன் அக்காவை நினைத்து, அந்த ஓவியர் இதையே திரும்பத் திரும்ப வரைந்தாராம்.

நீங்கள் வரைந்து கொடுத்த அந்தச் சிறுமி படத்தைக் கடைக்கார பாய் ஒரு முறை திருப்பிக் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா?

“மிஸ், பொண்ணு ரொம்ப வீக்கா இருக்குன்னு கஸ்டமர் சொல்றாங்க. ஹால்ல மாட்டணுமாம். கன்னத்துல ஸ்வல்ப செகப்பு குடுங்க.”

“மருந்து பாட்டிலையும் எடுத்துடலாமா பாய்?”

“எடுத்துடுங்க மிஸ். அங்க ஒரு பூ ஜாடி வெச்சுடுங்க” என்றார், விளையாட்டு புரியாமல்.

பூ ஜாடியை வைத்தே கொடுத்தீர்கள். “அவங்க வீட்டுல இன்னும் யாரும் படுக்கல போல. நல்லா இருக்கட்டும்” என்றீர்கள்.

நீங்கள் வேலை செய்யும் முறை எனக்குப் பிடிக்கும். அச்சுப் படத்தில் கட்டம் போடுவீர்கள், கேன்வாஸிலும் அதே கட்டம். பிறகு இரண்டையும் தலைகீழாகத் திருப்பி, கட்டம் கட்டமாக நிரப்புவீர்கள். “நேரா வெச்சா அந்தப் பொண்ணு படுத்திருக்கிறது தெரியுது, கை நின்னுடுது. தலைகீழா வெச்சா வெறும் கோடு, வெறும் கலர்.” முகத்துக்கு உரிய ஆறு கட்டங்களை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்வீர்கள். அப்போது படத்தை நேராகத் திருப்பியாக வேண்டும். “முகத்தையும் தலைகீழா போட்டா அது ஏமாத்து வேலை மிஸ்.”

உங்களுக்கு ஈரலில் புற்று என்றார்கள் டாக்டர்கள். பிறகு, வீட்டுக்கே அழைத்துப் போங்கள் என்றார்கள். உங்களுக்கு என்னைத் தவிர ஆள் இல்லை. நான் ஒரு நோட்டில் கோடு போட்டேன். மணி, ஜுரம், மாத்திரை, குடித்த தண்ணீர். ஒரு கட்டமும் விடுபடாமல் எழுதினேன். உங்கள் முறையைத்தான் எடுத்துக்கொண்டேன் என்று இப்போது புரிகிறது. ஆனால், நேராகத் திருப்பும் பாதியை விட்டுவிட்டேன். ஆறுகளைப் பிசகாமல் தேசப்படத்தில் வரைந்துவிட்டு, ‘உங்க ஊர் ஆத்துல இப்ப தண்ணி ஓடுதா’ என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்தக் கடைசிப் பிரதி யாரும் கேட்டதல்ல, உங்களுக்காகவே வரைந்தது. முகம் மட்டும் பாக்கி.

“மிஸ், என் மூஞ்சி இப்ப என்ன கலர்ல இருக்கு? பாத்துச் சொல்லுங்க. அந்தப் பொண்ணுக்கு அதைத்தான் போடணும். கண்ணாடில பாத்தா என் கண்ணே எனக்குப் பொய் சொல்லுது.”

“நல்லாதான் இருக்கீங்க. வாயைத் திறங்க, மாத்திரை.”

மறுநாளும் கேட்டீர்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மூன்றாம் நாள் கேட்டபோதும் நான் நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. “நீங்களும் பாய் மாதிரி ஆயிட்டீங்க மிஸ். எனக்கே செகப்பு அடிக்கிறீங்க” என்றீர்கள். குரலில் கோபம் இல்லை. அதன் பிறகு நீங்கள் கேட்கவில்லை.

அடுத்த வாரம், மதியம். தெர்மாமீட்டர் பீப் என்றது. நூற்றியொன்று புள்ளி நான்கு. படித்தேன், நோட்டில் எழுதினேன், நிமிர்ந்தேன். அதற்குள் நீங்கள் போய்விட்டிருந்தீர்கள்.

நோட்டு என்னிடம் இருக்கிறது. எந்த நாள், எந்த மணிக்கு உங்களுக்கு எத்தனை டிகிரி என்று இப்போதும் சொல்லிவிடுவேன். முகம்தான் வரவில்லை. கண்ணை மூடினால் பள்ளி குரூப் போட்டோவில் இருக்கும் முகம் வருகிறது, கொழுகொழுவென்று. ஈரல் நோய் என்றால் மஞ்சள் என்று பாடம் நடத்தியவள் நான். ஆனால், அது எந்த மஞ்சள்? எலுமிச்சையா, பழைய காகிதமா, மழைக்கு முந்தின வெயிலா? பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். நான் பார்க்கவில்லை, அதனால் இனி யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு முறை கேன்வாஸை நேராகத் திருப்பினேன். தலையைக் கவிழ்த்திருந்த அந்தப் பெண்ணை நீங்கள் அவ்வளவு சரியாக வரைந்திருந்தீர்கள். சிறுமியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பென்சில் கோடுகளும் வெறும் துணியும். மறுபடி தலைகீழாக்கி வைத்துவிட்டேன். இன்னொரு முறை நேராகத் திருப்ப இன்னும் தைரியம் வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை. அந்த ஆறு கட்டங்களும் நோட்டும்தான் உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை.

வகுப்பு முடியும்போது பிள்ளைகளுக்கு வீட்டில் செய்து பார்க்க ஒன்று கொடுப்பேன். பழக்கம் விடவில்லை. இந்த மடல் உங்களுக்கு வந்து சேராது, வேறு யாராவது படிப்பார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் யாராவது நோயாய்ப் படுத்திருந்தால், இன்று மாத்திரையைக் கையில் எடுக்கும் முன் அவர் முகம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதை அவரிடமே சொல்லுங்கள்.