அக்கா, உன் நாலு கட்டைக்கே வருகிறேன்

என் செல்ல அக்காவுக்கு,

ஞாயிறு மதியங்களில் மாதாப்பூர் காபிக் கடையில் நான் இன்னும் டிஜேவாகப் பாட்டுப் போடுகிறேன். "டப் டப்னு ஒரே இடி, இதுல என்னடி இருக்கு?" என்று நான் வீட்டில் பாட்டுப் போடும்போதெல்லாம் கேட்பாய். கேட்டுக்கொண்டே உன் கால் மட்டும் தாளம் போடும். போன மழைக்காலத்தில் நீ கண்ணை மூடிய பிறகு என்னை அப்படிக் கிண்டல் செய்ய வீட்டில் யாரும் இல்லை. ஒரு தடவையாவது உன்னை அங்கே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாயா?

நான் செய்வது இதுதான், அக்கா. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டை அதன்மேல் ஏற்ற வேண்டும். தாளம் சேர்ந்தால் போதாது, சுருதியும் சேர வேண்டும். சேராவிட்டால் குழாயடிச் சண்டைதான். அதிலும் நான் போடுகிற டீப் ஹவுஸ் நிதானமான இசை. அடியில் பாஸ் என்கிற கனத்த ஒலி நீளமாக ஓடிக்கொண்டே இருக்கும். சுருதி கொஞ்சம் விலகினாலும் காது கூசிவிடும்.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் அடுக்களையில் பட்டாணி உரித்துக்கொண்டே நீ எதையோ முனகினாயே, அதை உனக்குத் தெரியாமல் போனில் பிடித்து வைத்திருந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு டீப் ஹவுஸ் பாட்டோடு அதைச் சேர்க்க ஆசை வந்தது. அந்தப் பாட்டின் சுருதி ஆறு கட்டை. நீ அதைவிடத் தாழ்ந்த நாலு கட்டை. கம்ப்யூட்டரில் உன் குரலை இரண்டு கட்டை உயர்த்தினேன். பின்னால் கேட்ட குக்கர் சத்தத்தையும் துடைத்தேன். பாலும் சர்க்கரையுமாக அப்படிச் சேர்ந்தது! திரும்பத் திரும்பக் கேட்டதில் என் காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

உன் மகள் வித்யாவிடம் ஒன்றும் சொல்லாமல் கடைக்கு அழைத்துப் போனேன். உன் குரல் வந்தபோது தலையாட்டிக் கேட்டாள். முடிந்ததும் என்னிடம் ஓடி வந்தாள்.

"சித்தி, ஆ சிங்கர் எவரு? சூப்பர் வாய்ஸ்!"

"ஒங்கம்மாதான்டி."

"நக்கோ சித்தி, வேணாம், இதுல விளையாடாத. அம்மா வாய்ஸ் இப்படி இருக்காது."

பெற்ற பெண்ணுக்கே உன்னைத் தெரியவில்லை, அக்கா. அவள் கோபித்துக்கொண்டு கடையைவிட்டு வெளியே போய்விட்டாள்.

உன் குரல் எத்தனை பேரிடம் பேச்சு வாங்கியது! பாட்டு டீச்சர் "ஆம்பளத் தொண்டை" என்று கடைசி வரிசைக்கு அனுப்பினார். பெண் பார்க்க வந்தவர்கள் "கொஞ்சம் மேல எடுத்துப் பாடும்மா" என்றார்கள். நீயும் எடுத்தாய், தொண்டை பிசிறியது, அவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நீ அடுக்களையைத் தவிர வேறெங்கும் பாடவில்லை. நான் அங்கேயும் நுழைந்து, நீ போன பிறகு உன்னை மேலே எடுக்க வைத்திருக்கிறேன். நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை.

அந்த ஆறு கட்டைப் பாட்டை நாலு கட்டைக்கு இறக்கிப் பார்த்தேன். பாஸ் கொழகொழத்துப் போனது. சரி, போகட்டும் என்று அந்தப் பாட்டையே விட்டுவிட்டேன். நாலு கட்டையில் வேறொரு பாட்டைத் தேடி எடுத்தேன். அதற்கு முன்னும் பின்னும் வருகிற பாட்டுகளையும் உனக்கு ஒத்துப்போகிற மாதிரி மாற்றினேன். இந்த முறை உன் குரலில் கை வைக்கவில்லை. குக்கர் சத்தமும் அப்படியே இருக்கிறது.

நேற்று வித்யாவைக் கெஞ்சி ஹெட்போனை மாட்டிவிட்டேன். குக்கர் சத்தம் வந்ததும் நிமிர்ந்தாள். நீ முனக ஆரம்பித்ததும் "அம்மா" என்றாள். அழுதுகொண்டே கூடவே முனகினாள். அதே நாலு கட்டை, அக்கா! உன் தொண்டை அவளுக்கு வந்திருக்கிறது, இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று.

"நீ பாடி நான் கேட்டதே இல்லையேடி" என்றேன்.

"ஸ்கூல் ப்ரேயர்ல மிஸ் என் குரல் கட்டையா இருக்குன்னு வாய மட்டும் அசைக்கச் சொன்னாங்க, சித்தி. அதான் எங்கயும் பாடறதில்ல."

உன்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பிய அதே பேச்சு, இப்போது அவளுக்கு.

நாளைக்குக் காலையில் பள்ளிக்கூடம் போய் அந்த மிஸ்ஸைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடையில் மைக் அவள் கையில். அவள் எந்தக் கட்டையில் தொடங்குகிறாளோ, என் பாட்டெல்லாம் அங்கே இறங்கி வரும். உன் பெண்ணை ஒருத்தரும் மேலே எடுக்கச் சொல்ல விடமாட்டேன், அக்கா.

இப்படிக்கு,
உன் கட்டைக் குரலுக்கு ஏங்கும் தங்கச்சி,
மஞ்சு