முறைச் சூடு

நாள் 11, காலை. செவ்வாய், தென் துருவம், முதல் குடில்.

துளை ஆழம் இருநூற்றுப் பத்து அடி. அடியில் இன்னும் பனிக்கட்டிதான். துளைக்கும் ராடு இறக்குவதில் சிக்கல் இல்லை. வெளியே மைனஸ் எண்பத்தாறு. உள்ளே இருபத்திரண்டு.

இதை எடுத்துப் படிப்பவருக்கு வணக்கம். என் பெயர் செங்கோடன். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் ஓட்டியவன். இங்கும் அதே வேலைக்குத்தான் வந்திருக்கிறேன். எழுத்து, கப்பலில் வரும்போது படித்தது. கூடவே வந்து, இப்போது தளத்தில் ரேடியோ பார்க்கும் பருவதம் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. பரவாயில்லை. இத்தனை வயதில் என் பெயரை நானே எழுதிப் பார்க்கிறேன், அது போதும்.

குடில்கள் இரண்டு. இதில் நானும் என் மச்சான் நாச்சிமுத்துவும். எதிரே, கூப்பிடு தூரத்தில், என் பங்காளி மாரப்பனும் அவன் தம்பி ராசப்பனும். நடுவில் அணு அடுப்பு. அதிலிருந்து இரண்டு குடிலுக்கும் வெந்நீர்க் குழாய்.

குளிர் பழகி வருகிறது. கையுறையைக் குழாய்மேல் சற்று வைத்து எடுத்துப் போட்டால் சுகமாக இருக்கிறது. இந்தப் பருவத்தில் இங்கே சூரியன் மறைவதில்லை, அடிவானத்தையே சுற்றி வருகிறது. நாச்சிமுத்து கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்குகிறான். எனக்குச் சந்தோஷம்தான். எப்போது உட்கார்ந்தாலும் எழுத வெளிச்சம் இருக்கிறது.

நாள் 14, நண்பகல்.

அடுப்பின் இரண்டு பம்புகளில் ஒன்று நின்றது. மற்றது ஒரு குடிலுக்குத்தான் போதும். இரண்டு பக்கமும் திறந்துவிட்டால் இரண்டு குழாயும் உறைந்துவிடும். புதுப் பம்புடன் தளத்திலிருந்து வண்டி வர எட்டு நாள்.

தளம், பருவதம்: "பெரியப்பா, நாலு பேரும் ஒரே குடில்ல இருந்துக்கங்க. எடம் தாராளமா இருக்குது. எட்டு நாள்தானுங்களே."

மாரப்பன்: "நானா வேண்டாங்கறேன்? அண்ணன் பொட்டி படுக்கையோட இங்க வந்தரட்டும்."

நாச்சிமுத்து: "அவன் ஊட்டு வாசல்ல போய் நிக்கறதுக்கு நாங்க வெறைச்சே சாவறோம். வேணும்னா அவங்க வரட்டும்."

மாரப்பன்: "எங்க துளைல ராடு நிக்குதுங்க அம்மிணி. உட்டுப்போட்டு வந்தா பனி கவ்விக்கும். அவங்களுக்கென்ன, இருநூறு அடி. குழந்தப்புள்ள தோண்டறது."

நான் ஒரு வழி சொன்னேன். பங்குக் கிணற்றில் முறை போட்டுத் தண்ணீர் பாய்ச்சுவது போல, அடுப்பில் இருக்கும் வால்வைத் திருப்பி அரை நாள் அவர்களுக்கு, அரை நாள் எங்களுக்கு; முறை இல்லாத குழாயை வடித்துவிட்டால் உறையாது. எல்லோருக்கும் உடனே பிடித்துவிட்டது. யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை.

பருவதம்: "கெணத்து மொறைக்கு வெட்டிக்கிட்டு செத்தவங்க எங்கூர்லயே ரெண்டு பேருங்க பெரியப்பா."

சிரித்தேன். நல்ல பெண்.

நாள் 16, காலை.

முறை ஒழுங்காக நடக்கிறது. சூடு இல்லாத அரை நாளில் உள்ளேயே மைனஸ் பதினைந்து. பேனா மை உறைந்துவிடுவதால் கக்கத்தில் வைத்திருக்கிறேன். சூடு திரும்பும்போது குழாய் முதலில் முனகும், பிறகு பாடும். அதைக் கேட்க நானும் மச்சானும் குழாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பிறந்ததிலிருந்து இப்படியொரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை.

நாள் 17, காலை.

எங்கள் முறை வந்தது. சூடு வரவில்லை. நாச்சிமுத்து அணு அடுப்புக்குப் போனான். ரேடியோவில் கேட்டது இது.

ராசப்பன்: "என்னங்க மச்சான், காத்து வாங்க வந்தீங்களா?"

நாச்சிமுத்து: "வால்வுல என்னடா சங்கிலி? அவுரு. மொறை எங்களுது."

ராசப்பன்: "அண்ணனுக்குக் காய்ச்சலுங்க. இன்னைக்கு ஒரு நாள் உட்டுக்குடுங்க."

நாச்சிமுத்து: "காய்ச்சல்னா ஒடம்பு சூடாத்தான இருக்கும்? அப்பறம் எங்க சூடு எதுக்கு?"

ராசப்பன் சிரித்தான். மச்சான் பைப் ரென்ச்சால் அவன் விண்வெளி உடுப்பின் முகக்கண்ணாடியில் அடித்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சத்தமே இல்லை. இரண்டாவது அடியில் கண்ணாடி விண்டது. மூன்றாவது அடிக்கு அவசியமில்லை, ஆனாலும் அடித்தான். வாயிலிருந்து வந்த ரத்தம் கொதித்து நுரைத்தது, பிறகு அப்படியே உறைந்தது. கால் மட்டும் சற்று நேரம் பனியை உதைத்துக்கொண்டிருந்தது.

மச்சான் சங்கிலியை அறுத்து வால்வைத் திருப்பினான். குழாய் முனகியது. என் பாதங்கள் இளகின. நன்றாக இருந்தது. இருந்ததைத்தான் எழுத வேண்டும்.

நாள் 17, மாலை.

நாச்சிமுத்து வால்வுக்குக் காவல் நின்றான். மாரப்பன் ரிக் லாரியை எடுத்து வந்தான்.

மாரப்பன்: "மச்சான், இங்க பாருங்க."

மச்சான் திரும்பினான். லாரி அவனை அடுப்புச் சுவரோடு வைத்து நசுக்கியது. மாரப்பன் பின்னால் எடுத்து மறுபடியும் மோதினான். ரேடியோவில் மச்சான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு ஈரமான சத்தம். லாரியின் முன்பக்கம் நொறுங்கிப் பேட்டரி போனது.

மாரப்பன் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு குடிலுக்கு நடந்தான். அந்த நேரத்தில் நான் போனேன். மச்சானின் கை வால்வுச் சக்கரத்தைப் பிடித்தபடி உறைந்திருந்தது. விரல்களைச் சுத்தியலால் உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. சக்கரத்தைக் கழற்றி இங்கே கொண்டு வந்துவிட்டேன். இனி யாராலும் சூட்டை எங்கள் பக்கமிருந்து திருப்ப முடியாது.

நாள் 19, காலை.

பருவதம்: "வண்டி மூணு நாள்ல வந்துரும் பெரியப்பா. மாரப்பண்ணன உள்ள சேத்துக்கங்க. அவரு உடுப்புல பேட்டரி தீர்ந்துட்டிருக்குது. நடந்தது நடந்துபோச்சு. ஒரு உசுராவது மிஞ்சட்டும்."

மாரப்பன் வந்து கதவைத் தட்டுகிறான்.

மாரப்பன்: "அண்ணா, நான் மொறை கேக்கலீங்ணா. ஒரு மூலைல படுத்துக்கறேன். கைய வேணாக் கட்டிப்போட்டுருங்க."

நான்: "இரு கண்ணு. எழுதிட்டிருக்கறேன்."

எழுந்து தாழ்ப்பாள் வரை போனேன். உலோகம் என் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மச்சானைக் கொன்றவன் என்பதால் அல்ல. கதவைத் திறந்தால் சூடு வெளியே போய்விடும்.

மாரப்பன்: "அண்ணா. காலு தெரியலீங்ணா."

தட்டுவது மெதுவாகிறது. கையால் அல்ல, தலையால் தட்டுகிறான் என்று நினைக்கிறேன். தாழ்வாகக் கேட்கிறது.

பருவதம்: "பெரியப்பா, கதவத் தொறந்தீங்களா? பேசுங்க."

நான்: "இது எங்க மொறைம்மா. அவனுக்குச் சாயங்காலந்தான்."

அவள் அழுவது கேட்கிறது. ஒலியைக் குறைத்துவிட்டேன். குழாய் பாடிக்கொண்டிருக்கிறது. தட்டுவது நின்றுவிட்டது. முறை மாற இன்னும் நேரம் இருக்கிறது.