மூன்று தடங்களிலும் தோற்ற கார்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம், உன் இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால்தான் கடிதம்.

மாடி அறைத் தடத்தில், பள்ளம் பிடித்து மின்சாரத்தில் ஓடும் அந்த ஸ்லாட் பொம்மைக் கார்களில் எது வேகம் என்று அப்பாவுக்கு இந்த மாதம் முழுக்க ஒரே ஆராய்ச்சி. சிவப்பு மந்தமாகிவிட்டது என்றார், நீலத்தை எடுத்தார், அதுவும் அப்படித்தான். நம் தடத்தில் வளைவெல்லாம் ரொம்ப நெருக்கம், கோளாறு அதில்தான் என்று இரண்டையும் பெட்டியில் போட்டுக்கொண்டு பொம்மைக் கடை மாடியிலுள்ள பெரிய தடத்துக்குப் போனார், நானும் கூடப் போனேன். அங்கே நேர்ப்பாதை நீளம், சிவப்பு சீறிக்கொண்டு போய் முதல் வளைவிலேயே பள்ளத்தை விட்டு வெளியே பாய்ந்தது. பாயாமல் இருக்க மெதுவாக ஓட்டினால் கடைசி. அவர் சிநேகிதர் சுருட்டை மாமா வீட்டு மரத்தடத்திலும் இதே கதை. வண்டிக்கு வயசாயிடுச்சா, ஓட்டுறவருக்கா என்று சுருட்டை மாமா சீண்ட, அப்பா சிரித்துக்கொண்டே டயரைத் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரை மாற்றினோம், தடத்தை மாற்றினோம், மாறாமல் இருந்தது அவர் கை ஒன்றுதான். எதை மாற்றியும் கோளாறு போகாவிட்டால் மாறாததில்தான் தேட வேண்டும், கல்லூரிச் சோதனைக்கூடத்தில் நான் படித்த முதல் பாடமே அதுதான், ஆனாலும் வாயைத் திறக்க மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, நீ ஓட்டு பார்க்கலாம் என்று, விரலால் அழுத்தினால் கார் ஓடும், விட்டால் வேகம் குறையும் அந்த விசையைக் கையில் கொடுத்தார். இரண்டு சுற்று தடுமாறினேன், பிறகு சிவப்பு எந்த வளைவிலும் கவிழாமல் பறந்தது. அவர் காரைப் பார்க்கவில்லை, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விடணும்னு நினைக்கிறேன், விரல் உடனே விடமாட்டேங்குது என்றார். காரைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, ஆக்ஸிலரேட்டர்ல கால் மட்டும் உடனே விடுமா, ஸ்கூல் வேனில் பின்னாடி உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்க பொம்மை இல்லையே என்று அவரேதான் சொன்னார். மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் வேன் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். சாவி இல்லாமல் சட்டைப்பை தட்டையாக இருக்கிறது, கை அடிக்கடி அங்கே போய்த் திரும்புகிறது.

நரம்பு டாக்டரிடம் வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறோம். சின்ன விஷயமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எதுவானாலும் உன்னிடம் மறைக்கமாட்டேன். அன்றைக்கு நம் காரை நான்தான் ஓட்டுகிறேன். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த நாட்களுக்குப் பிறகு அந்த மனுஷன் முதல் தடவையாகப் பக்கத்து இருக்கையில் உட்காரப்போகிறார். வழியெல்லாம் பிரேக், பிரேக் என்று என் உயிரை வாங்குவார். வாங்கட்டும்.

நல்ல உடம்போடும் நிம்மதியோடும் இரு, தங்கம், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. அவசரப்பட்டு டிக்கெட் எடுக்காதே, டாக்டர் சொன்னதும் நானே கூப்பிடுகிறேன்.

உன்,
அம்மா