டிராஃப்டரின் திருகாணி

12 ஜூலை 1984, வியாழன்

என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த சங்கரனுக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. நேராக இரண்டாம் வருஷம். டிப்ளமோவில் அவனைவிட எனக்குத்தான் மார்க் கூட. அப்ளிகேஷன் வாங்கப் போனவன் எனக்கும் சேர்த்து ஒன்று வாங்கி வந்தான். "பாலிடெக்னிக்காரனை அங்கன எவன்லே சேப்பான்?" என்று சிரித்தது நான்தான். அந்தத் தாள் இன்னும் எழுதாமல் பெட்டிக்குள் கிடக்கிறது.

சாயங்காலம் லேத் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். லட்டோடு வந்தான்.

"ஏலே, படம் வரைய உன் டிராஃப்டரைத் தாயேன். என்னோடது லொடலொடங்குது. உனக்கு இனி எதுக்கு?"

இனி எதுக்கு. சாதாரணமாகத்தான் சொன்னான்.

ராயகிரிக்காரன் ஒருத்தன் வாங்கிட்டுப் போயிட்டான் என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து, "கதவுக்குப் பின்னாலதான தொங்குது, எடுத்துக் குடு மக்கா" என்றாள். எடுக்கப் போன இடத்தில், படம் வரையும் பலகையோடு அதைப் பிடித்து நிறுத்தும் திருகாணியை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு பையோடு கொண்டுவந்து கொடுத்தேன்.

அவன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு லட்டை என் வாயில் திணித்துவிட்டுப் போனான். இன்னும் பல்லிடுக்கில் இனிக்கிறது, சனியன்.

திருகாணி இப்போது இந்த நோட்டின் மேல் கிடக்கிறது. இது இல்லாமல் அவனால் ஒரு கோடு நேராகப் போட முடியாது. காலையில் ஆறே காலுக்கு அவனுக்குக் காலேஜ் போக பஸ். ஸ்டாண்டுக்கே போய்க் கொடுத்துவிட வேண்டும்.

அலாரத்துக்குச் சாவி கொடுத்தாயிற்று. ஏழு மணிக்கு வைத்திருக்கிறேன்.