இரண்டு விரல் கீழே

நேற்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயிலேறியபோது பக்கத்து இருக்கைக்காரர் தைலக் குப்பியைத் திறந்தார். மேடையேறுமுன் நீங்கள் தொண்டையில் தடவிக்கொள்ளும் அதே வாசனை. கிள்ளான் வரை அது என்னோடு வந்தது, அக்கா.

அன்றும் கிள்ளான்தான். ஞாயிறு மாலை, மண்டபம் நிறைந்திருந்தது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கிய காலத்தில் கோலாலம்பூர் நடன அரங்குகளில் பாடி, அங்கிருந்து சிங்கப்பூர் போய்ச் சினிமாவில் நடித்தவர் நீங்கள். பல ஆண்டு மௌனத்துக்குப் பிறகு பாட வந்திருந்தீர்கள். செய்தி எழுத வந்த நான் மேடைத் திரையோரம் நின்றேன்.

ஏற்பாட்டாளருக்கு உங்கள் குரல்மேல் நம்பிக்கை இல்லை. ஒத்திகையில் பாட்டின் உச்ச இடம் உடைந்ததை அவர் கேட்டிருந்தார். உங்கள் பழைய இசைத்தட்டை டேப்பில் பதிவுசெய்து தயாராக வைத்திருந்தார். தடுமாறினால் அதை ஓடவிடுவார். நீங்கள் வாயசைத்தால் போதும்.

"டேப்பு ஓடிச்சுன்னா நான் எறங்கிப் போயிருவேன், பாஸ்" என்றீர்கள். அவர் சிரித்து மழுப்பினார். கையைப் பொத்தான் அருகிலேயே வைத்திருந்தார்.

பழைய இசைக்குழுவில் உங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு என்று சொல்லியிருக்கிறீர்கள். சுருதியை இறக்க வேண்டுமானால் வாயால் கேட்கமாட்டீர்கள். முதுகுக்குப் பின்னால் விரலைக் கீழே காட்டுவீர்கள். ஒரு விரலுக்கு ஒரு படி. கூட்டத்துக்குத் தெரியாது. ஒத்திகையில் இறக்கச் சொல்ல மனம் வராத நீங்கள், மேடையில் இரண்டு விரலைக் கீழ்நோக்கிக் காட்டினீர்கள். கீபோர்டுக்காரர் இந்தக் காலத்து ஆள். இரண்டாவது பாட்டு என்று எடுத்துக்கொண்டு அதன் முன்னிசையைத் தொடங்கிவிட்டார்.

நீங்கள் பாடவில்லை. முன்னிசை முடிந்து மறுபடி சுற்றி வந்தது.

"ஆன்டி மறந்துட்டாங்க லா" என்றார் முன்வரிசையில் ஒருவர். ஏற்பாட்டாளரின் விரல் பொத்தானைத் தொட்டது.

கையை உயர்த்தி இசையை நிறுத்தினீர்கள். இத்தனை காலமும் முதுகுக்குப் பின்னால் சொன்னதை மைக்கில் சொன்னீர்கள்.

"தம்பி, மொதப் பாட்டுதான். ரெண்டு படி எறக்கி வாசிங்க. அந்த ஒசரத்துக்கு இப்ப என்னால ஏற முடியல."

கீபோர்டுக்காரர் சுருதியை இறக்கினார். பாடினீர்கள். உச்ச இடத்தில் குரல் கரகரத்தது, உடையவில்லை. ஏற்பாட்டாளர் கையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நேற்று அதே மண்டபத்தில் உங்களுக்கு இரங்கல் கூட்டம். என்னைப் பேச அழைத்தார்கள். யோசித்து வைத்திருந்த பெரிய வார்த்தைகள் எதுவும் வரவில்லை. எதிரே எல்லோரும் காத்திருந்தார்கள். என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போயிற்று. இரண்டு விரல் கீழே.

அதன்பிறகுதான் பேச்சு வந்தது.