இடது காதில் பென்சில்

அன்புள்ள அண்ணா,

வீட்டில் நானும் அப்பாவும் நலம். நலம் என்றால், அப்பாவின் வலது கையும் காலும் இன்னும் முரண்டு பிடிக்கின்றன. பேச்சும் திரும்பவில்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் மட்டும் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அண்ணி, குழந்தைகள் சுகம்தானே?

அன்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். கோபம்தான். "மனுஷன் வாய் பேச முடியாம கிடக்குறார், நீ அவரைத் தினமும் பேப்பர்ல கோமாளியாக்கிட்டிருக்கே, நிறுத்து" என்றாய். என் கார்ட்டூனில் வரும் பெரிய மூக்குத் தச்சர் நம் அப்பாதான் என்று தெரியாதவர்கள் இல்லை, உண்மைதான். பத்திரிகை ஆசிரியரும் "கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமாம்மா" என்று தன்மையாகக் கேட்டார். அவரிடம் சொன்னதுதான் உனக்கும். நிறுத்த மாட்டேன்.

பட்டறை ஞாபகமிருக்கிறதா? அப்பாவின் பட்டைப் பென்சிலால் இருவரும் பலகையில் கிறுக்குவோம். நீ லாரி, நான் மூக்கு நீண்ட மனிதர்கள். மறுநாள் அவர் இழைப்புளியைப் போட்டு அத்தனையையும் சீவித் தள்ளிவிடுவார். நான் அழுவேன். "பலகை காலியாத்தானே இருக்கு, மறுபடி வரை" என்பார். எனக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இனிமேல் கேட்காதே.

போன வாரம் நடந்ததைக் கேள். காலையில் பேப்பரை அவர் மடியில் விரித்தேன். அவர் என் பென்சிலைப் பிடுங்கி, படத்தில் தச்சரின் வலது காதில் இருந்த பென்சிலைக் கோடு போட்டு அடித்தார். பிறகு என் பென்சிலைத் தன் இடது காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா இடது கைக்காரர் அல்லவா? நினைவை நம்பி இத்தனை வருஷமும் தப்பான காதில் வரைந்திருக்கிறேன். நன்றாக இருந்தபோது மூக்கைப் பற்றிக் கேலி செய்வாரே தவிர, இதை ஒருநாளும் சொன்னதில்லை. என் முழியைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தார். படுத்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. நான் அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் அவரிடம் காட்டிவிட்டுத்தான் படத்தை அனுப்புகிறேன். ரொம்பக் கறாரான ஆள். உளியின் பிடி சரியில்லை என்று திரும்பத் திரும்ப வரைய வைக்கிறார்.

நேற்று நம் பழைய பட்டறையை வரைந்தேன். தச்சர், அவர் பெண், பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. முக்காலியில் யாரும் இல்லை. அப்பா அதன்மேல் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை. யாரைத் தேடுகிறார் என்று நான் கேட்கவில்லை.

உன்னை நினைவிலிருந்து வரைய மாட்டேன் அண்ணா. காது விஷயத்தில் பட்டதே போதும். முடி எவ்வளவு கொட்டியிருக்கிறது, தொப்பை எதுவரை வந்திருக்கிறது என்று நேரில் பார்த்துத்தான் வரைவேன். கோபமிருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வா, வரைந்துவிடுகிறேன். அப்பாவின் கை திருத்துகிற நிலையில் இருக்கும்போதே வந்து எதிரில் உட்கார்.

முக்காலியைக் காலியாகவே வைத்திருக்கும்,
உன் தங்கை