நீ உன்னுடையதென்று சொன்ன நாய்

மாப்ளே,

உன் ஜீப் இப்போது என் களத்தில் நிற்கிறது. உன் மகன்தான் ஓட்டி வந்து நிறுத்தினான். "அத்தா சொல்லி வெச்சிருந்தாருங்க பெரியத்தா. இது உங்களுக்குத்தான் சேரணுமாம்" என்றான். எனக்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்றேன். அவன் சாவியை வரப்பில் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டான். உன் பிள்ளை உன்னைப் போலத்தான். யாரையும் கேட்காமல் ஒன்றைச் செய்துவிட்டுப் போய்விடுகிறான்.

மூன்று நாள் நான் அதன் பக்கம் போகவில்லை. நான்காம் நாள் உச்சி வெயிலில் பின்கதவைத் திறந்தேன். நாய்கள் படுக்க நீ விரித்துவைக்கும் புண்ணாக்குச் சாக்கு அப்படியே கிடந்தது. கடல் உப்பும் நாய் மயிரும் கடலைப் புண்ணாக்கும் கலந்த வாடை முகத்தில் அறைந்தது. ஆறு கோடைக்கு முந்தைய வாடை. சாக்கை இழுத்து வெளியே எறிந்தேன். அப்புறம் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் மலையாளப் பள்ளியில். தமிழ் எழுத்தை உன் கடைக்குப் பொட்டலம் கட்ட வந்த பழைய செய்தித்தாள்களில் நானாகக் கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் இருக்கட்டும். நீ இருந்து திருத்தியிருந்தாலும் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே என்னைப் போல நெல்லும் கடலையும் போடுகிறவனுக்குக் காட்டுப்பன்றிதான் முதல் எதிரி. நாய் இல்லாமல் வெள்ளாமை வீடு வந்து சேராது. செவலையை நான் குட்டியிலிருந்து பழக்கினேன். விடியற்காலையில் நாலு பேர் வரப்பில் வரிசையாக நின்று "ஏலோ... ஹோய்! ஏலோ... ஹோய்!" என்று ஒரே குரலில் கத்துவோம். அந்தச் சத்தம் கேட்டால் எதிரில் இருப்பது எதுவானாலும் பின்னங்காலைக் கவ்வ வேண்டும். நான் "விடு" என்று சொல்லும் வரை விடக்கூடாது. பன்றி அதன் விலாவைக் கிழித்துக் குடல் தெரிந்த அன்றுகூட அது விடவில்லை. சாக்கு ஊசியால் நான்தான் தைத்தேன். நீ உன் கடையிலிருந்து மஞ்சள்தூள் கொண்டுவந்து பத்தடி தள்ளி நின்று என் கைக்கு வீசினாய். கிட்டே வரமாட்டாய். உங்கள் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு.

அப்படிப்பட்ட நீதான் பங்குனி அறுப்பு முடிந்ததும் என் நாய்களைக் கடலுக்குக் கொண்டுபோனாய். உப்புத் தண்ணீரில் மூன்று முங்கு முங்கினால் சொறியும் உண்ணியும் போகும் என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் ஜீப் வைத்திருந்தவன் நீ ஒருவன்தான். பொன்னானிக்கு வடக்கே அந்த மணல்மேட்டுக்கு எட்டுக் கோடை போயிருக்கிறோம். முதல் வருஷம் ஞாபகம் இருக்கிறதா? என் இன்னொரு நாய் கறுப்பி அலையைக் கடித்தது. கடித்த அலை காணாமல் போனதும் அடுத்த அலையைக் கடித்தது. வயிறு முட்ட உப்புத் தண்ணீர் குடித்து உன் சீட்டில் கக்கியது. பிறகு கரைநாய்கள் ஏழெட்டு கூட்டமாக வந்து விழுந்தன. செவலை ஒன்றின் தொண்டையைப் பிடித்து உதறியதில் அதன் ரத்தம் உன் வெள்ளை வேட்டியில் தெறித்தது. நீ ஜீப்பின் மேல் ஏறி நின்று ஜாக்கிக் கம்பியைச் சுழற்றிக்கொண்டு, "நாயக் குளிப்பாட்ட வந்தமா, நம்மளப் பலி குடுக்க வந்தமா?" என்று கத்தினாய்.

ஒவ்வொரு முறையும் கிளம்பும்முன் சொம்பை எடுத்துக்கொண்டு கடல் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து கழுவுவாய். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." நான் பின்னால் நின்று "ஆறு" என்பேன். உனக்குக் கணக்குத் தப்பிவிடும். "நாசமாப் போறவனே" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவாய். "உன்ர நாய் நக்கியே என்ர பாதி ஆயுசு கழுவறதுல போச்சுடா" என்பாய். அந்த எட்டு வருஷத்தில் செவலையின் கழுத்துக் கயிற்றைக்கூட நீ தொட்டதில்லை.

கடைசி வருஷம் வெயில் கொளுத்தியது. பனைமரமே காய்ந்து நின்றது. மத்தியானம் மணலில் நாயின் கால் வெந்துவிடும், காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று சொன்னது நான். அதை மறைக்கவில்லை. மற்ற வருஷங்களில் நாம் போய்ச் சேரும்போது கரை காலியாக இருக்கும். அன்று எட்டு மணிக்குக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முப்பது பேர் கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாக நடந்து வந்தார்கள். முதுகு நம் பக்கம், குனிந்த இடுப்பு, ஒரே குரல். அவர்கள் கத்தியதும் ஏறக்குறைய நம் வரப்புச் சத்தம்தான். "ஏலோ ஹோய்" என்றே என் காதிலும் விழுந்தது. நாய் என்ன செய்யும்? அதற்கு அது வெள்ளாமைக்காடு. கயிற்றின் கடைசியில் இருந்தவனின் கெண்டைக்காலைப் பாய்ந்து கவ்வியது.

நான் "விடு" என்று கத்தினேன். முப்பது பேர் குரலில் என் குரல் முங்கிப்போனது. ஒருவன் துடுப்பால் நாயின் முதுகில் ஓங்கி அடித்தான். அடிபட்டால் இன்னும் இறுக்கிப் பிடிக்கத்தான் நான் பழக்கியிருந்தேன். அந்த ஆள் போட்ட அலறல் எனக்கு இப்போதும் கேட்கிறது. கயிறு கைவிட்டுப் போய் வலை முழுவதும் கடலுக்குள் திரும்பிச் சரிந்தது. அப்புறம் அவர்கள் என்மேல் விழுந்தார்கள். என்னைக் குப்புறத் தள்ளி, ஒருவன் முட்டியால் என் பிடரியை அழுத்தினான். ஒருவன் என் விலாவில் மிதித்துக்கொண்டே இருந்தான். இரண்டு எலும்பு போனது பிறகுதான் தெரிந்தது. மீன் கிழிக்கும் கத்தி ஒன்று வெயிலில் மின்னியதைப் பக்கவாட்டில் பார்த்தேன்.

"இது ஆருடே நாயாடா?" என்று ஒரு கிழவன் கத்தினான்.

நீ சொம்போடு ஓடி வந்தாய். சொம்பு உருண்டு போனது. "என்டே நாயா. தல்லணமெங்கில் என்னெத் தல்லு. அவனெ விடு" என்றாய். அடிப்பதானால் என்னை அடி என்று.

என்னை விட்டார்கள். உன்னை எடுத்துக்கொண்டார்கள். உன் முன்பல் இரண்டு மணலில் விழுந்தன. இடது மணிக்கட்டு ஒடிந்த சத்தத்தை நான் கேட்டேன். கடைசியில் அந்தக் கிழவன்தான் எல்லோரையும் தடுத்து, நாயைக் கொடுத்துவிட்டுப் போ என்றான். நீ எழுந்தாய். ஒடியாத கையால் செவலையின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தாய். நீ பிடித்ததும், ஏனோ தெரியவில்லை, அது வாயைத் திறந்து அந்த ஆளின் காலை விட்டது. நான் சொல்லாமல் அது விட்டது அந்த ஒரே தடவைதான். அவர்கள் முன்னால் இழுத்துக் கொண்டுபோய் நிறுத்தினாய். கயிற்றை நீ விடவில்லை. துடுப்பு ஒன்பது தடவை இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது நீ ஒற்றைக் கையால் ஓட்டினாய். கறுப்பி பின்னால் கிடந்து ஊளையிட்டது. அன்று நீ கழுவவில்லை. அதன் ரத்தமும் எச்சிலும் உன் புறங்கையில் காய்ந்து வெடிப்பதைப் பட்டாம்பி வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

விலா கூடியதும் நேராக உன் கடைக்கு வந்தேன்.

"ஆரக் கேட்டுடா உன்ர நாயின்னு சொன்னே?"

"உன்னக் கொன்னிருப்பாங்கடா."

"கொல்லட்டும். என்ர நாய். அதக் குடுக்கறதா வேண்டாமான்னு நாஞ் சொல்லோணும்."

"அப்பச் சொல்லியிருக்கலாமல்ல? வாயி எங்கடா போச்சு?"

"வாயெல்லாம் மண்ணு."

நீ சிரித்தாய். பல் இல்லாத அந்த ஓட்டை தெரியச் சிரித்தாய். அதற்காகத்தான் உன் சட்டையைப் பிடித்தேன். நீ புண்ணாக்கு அள்ளும் இரும்புக் கரண்டியால் என் நெற்றியில் போட்டாய். எழுபதை நெருங்கிய இரண்டு பேர் பருத்திக்கொட்டைமேல் உருண்டு ஒருவனை ஒருவன் குத்திக்கொண்டோம். உன் வீட்டுக்காரி உள்ளேயிருந்து ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து இருவர் தலையிலும் ஊற்றினாள். "நாய்ங்க கட்டிப் பொரண்டாத் தண்ணி ஊத்தித்தான் பிரிக்கோணும்" என்றாள். தெரு முழுக்கச் சிரித்தது. நெற்றித் தழும்பு இன்னும் இருக்கிறது.

அதன்பிறகு நீ அந்தக் கடிபட்டவனைப் பார்க்க மாதம் ஒருமுறை போனாய். ஊசி போட ஆஸ்பத்திரிக்கு நீதான் அவனைக் கூட்டிப்போனாய் என்று கேள்விப்பட்டேன். உன் தெருவில் உனக்கு 'நாய் ராவுத்தர்' என்று பெயர் வைத்தார்கள். பள்ளிவாசலுக்குள் நுழையும்போது, "கழுவிட்டு வந்தீங்களா பாய்?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். நாயின் நிழல் பட்டாலே விலகுகிற உன்னை. எனக்கு எல்லாம் தெரியும். என்னைக் கூப்பிட்டு உன்னிடமிருந்து ஒரே ஒரு தடவை ஆள் வந்தது. பிறகு நீயே என் களத்துக்கு வந்தாய். வரப்பில் நின்றபடியே, "ஒரே ஒருக்கா எங்கூட வா. அவங்கிட்ட, நாய் என்துன்னு சொல்லிப்போடு. மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம். அது போதும்" என்றாய்.

"செத்தது என்ர நாய். நா ஒருத்தங்கிட்டயும் போகமாட்டேன்" என்றேன்.

"நாயிக்காகக் கேக்கலடா" என்றாய்.

நான் மண்வெட்டியை எடுத்து மடை வெட்டத் திரும்பிவிட்டேன். நீ எவ்வளவு நேரம் நின்றாய் என்று தெரியாது. திரும்பிப் பார்க்கவில்லை.

மாசியில் நீ போய்விட்டாய். மையத்தை அடக்கம் செய்யும் அன்று வந்தேன். யாரோ என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள், உன்னைச் சுமந்த சந்தூக்கில் என் கையும் பட்டது. எனக்கு எதிரே தோள் கொடுத்தவன் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். யார் என்று பார்க்கும்போதே, பக்கத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "கடப்புறத்துக்காரன். நம்ம ராவுத்தரோட நாய் கடிச்சுதே, அந்த ஆளு." கேட்டவர், "அவருக்கு எதுக்குங்க இந்த வயசுல நாயி" என்று சிரித்தார். நீ எங்கள் தோளில் இருந்தாய். அது என் நாய் என்று சொல்ல எனக்கு ஓர் அடி தூரம்கூட இல்லை. சொல்லவில்லை. அன்று என் வாயில் மண் இல்லை.

கடற்கரையில் மண் இருந்தது. அது பொய் இல்லை. ஆனால் துப்பியிருக்கலாம். உன்னை அவர்கள் அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் துப்பியிருக்கலாம். ஆறு வருஷம் உன்மேல் நான் வைத்திருந்த கோபத்துக்கு அடியில் இருந்தது இதுதான் என்றால், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனாலும் சொல்கிறேன், உன்மேல் கோபம் போகவில்லை. உயிரைக் காப்பாற்றினாய் என்பதற்காக என் நாயை உன்னுடையது என்று சொல்ல உனக்கு உரிமை வந்துவிடாது.

சாக்கை எறிந்த மறுநாள் ஜீப்பை எடுத்தேன். என் கண்ணுக்கு இப்போது அவ்வளவு தூரம் ஓட்டக்கூடாது. ஓட்டினேன். உன் பள்ளிவாசல் முன்னால் நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை, தொழுகை விட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். "கடிச்சது என்ர நாயி. ராவுத்தருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இனி எவனாவது அந்தப் பேரச் சொன்னா நான் இங்கயே வந்து நிப்பேன்" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிறகு கடலுக்கு விட்டேன்.

அந்த ஆள் கரையில் உட்கார்ந்து வலைக்கண்ணில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றான். வேண்டாம் என்று கைகாட்டினேன். நின்றபடியே சொன்னேன்: "அது ராவுத்தர் நாயி இல்ல. என்துங்க."

"அறியாம்" என்றான். தெரியுமாம். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் மலையாளத்தில் சொன்னான், கயிற்றைப் பிடித்திருந்தது ராவுத்தர், ஆனால் அடி விழ விழ நாய் பார்த்துக்கொண்டிருந்தது என்னையாம். எல்லோருமே கண்டோம் என்றான். ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒரு மனுஷன் ஏற்றுச் சொன்னப்போள் பின்னெ எந்து சோதிக்கான்?" என்றான். அவன் ஏற்றுக்கொண்டான், அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. காலைக் காட்டு என்றேன். லுங்கியை ஏற்றிக் கெண்டைக்காலைத் திருப்பிக் காட்டினான். மேலே இரண்டு குழி, கீழே இரண்டு குழி, சுற்றிலும் சதை வற்றி உள்ளே போயிருந்தது. செவலையின் உடம்பை அன்று கடலில் எறிந்துவிட்டார்கள். ஒரு படம்கூட எடுத்து வைத்ததில்லை. இந்த உலகத்தில் அந்த நாயின் மிச்சம் இன்னொருத்தன் காலில் இந்த நாலு குழிதான். குனிந்து ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பார்த்தேன். விரல்நுனி உள்ளே போனது. அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"நல்லாத்தான் புடிச்சிருக்குது" என்றேன்.

"நல்லோணம் புடிச்சு" என்றான் அவனும்.

அந்த ஆழம் என் விரலில் இருக்கிறது, மாப்ளே. சோறு பிசையும்போதும் இருக்கிறது.